சந்தனம் யாருக்கு மணக்கிறது

அந்த அக்கா டீச்சர் இல்லை. ஆனால் எங்கள் ராயபுரத்துத் தெருவில் அந்தக் காலத்தில் கண்ணாடி போட்டுக்கொண்டு, தோளில் பை மாட்டிக்கொண்டு தனியாக நடந்து போகிற பெண் யாராக இருந்தாலும் டீச்சர்தான். "நான் டீச்சர் இல்ல" என்று குடிவந்த புதிதில் சொல்லிப் பார்த்தார். பிறகு விட்டுவிட்டார். எதையும் ரொம்ப நேரம் மறுத்துக்கொண்டிருக்க அவருக்குத் தெம்பு இருந்ததில்லை. ஒரே ஒரு விஷயத்தில்தான் விடமாட்டார். அந்த ஒன்றுக்காகத்தான் இத்தனை வருஷம் கழித்து அவரைப் பற்றிச் சொல்ல உட்கார்ந்திருக்கிறேன்.

துறைமுகத்துக்கு அடுத்த தெருவில் ஒரு கம்பெனியின் கிடங்கு இருந்தது. மலையாளக் கரையிலிருந்து எலுமிச்சம்புல் தைலம், மைசூர்ப் பக்கத்திலிருந்து சந்தனத் தைலம், சந்தனக் கட்டை, இன்னும் வெட்டிவேர், நீலகிரி என்று பீப்பாயும் பெட்டியுமாக வந்து இறங்கும். அங்கே சோதித்துப் பார்த்துச் சீமைக்குக் கப்பலேற்றுவார்கள். சோதிக்கிற அறையில் அக்காவுக்கு வேலை. தெற்கே திருநெல்வேலிப் பக்கம் கடை வைத்துப் பிழைத்த கிறிஸ்தவ வேதக்காரக் குடும்பம் அவருடையது. காலேஜில் செடிகொடிப் படிப்பு படித்தவர். கல்யாணம் ஆகவில்லை. ஏன் என்று கேட்டால், "ஆகலை" என்பார். அதோடு சரி.

நாங்கள் இருந்தது ஒரே வாசலுக்குள் வரிசையாக அறைகள் கொண்ட ஒரு காம்பவுண்டு. நடுவில் முற்றம், முற்றத்தில் எல்லோருக்கும் ஒரே குழாய். அக்காவுக்கு மாடிப்படிக்கு மேலே ஒற்றை அறை. சாயங்காலம் அவர் வாசலுக்குள் வருவதற்கு முன்பே அவருடைய சேலை வாசனை வந்துவிடும். அதை வைத்து அன்றைக்குக் கிடங்கில் எந்தச் சரக்கு இறங்கியது என்று என் அம்மா சொல்லிவிடுவாள். எலுமிச்சம்புல் நாட்களில் டிராமில் அவர் பக்கத்தில் ஆள் உட்காராது. சந்தன நாட்களில் முன்பின் தெரியாத பொம்பளைகள் வந்து ஒட்டிக்கொள்வார்கள். இரண்டுமே அவருக்குத் தொல்லைதான். படியில் உட்கார்ந்து செருப்பைக் கழற்றிப் பாதத்தைப் பிடித்துவிட்டுக்கொண்டே, "நாளைக்கும் போவணுமே" என்பார்.

ராத்திரிக்குத் தினமும் கருவாடு. வீட்டுக்காரர் மேஸ்திரியின் பெண்சாதிக்கு அதில் பெரிய குறை. படித்த பொம்பளை தினம் கருவாடா தின்பாள் என்று. நான் ஒருநாள் கேட்டேவிட்டேன்.

"சாயங்காலத்துக்குள்ள என் மூக்கு செத்துப்போவும்" என்றார் அக்கா. "சோத்துல என்ன போட்டாலும் தெரியாது. கருவாடு ஒண்ணுதான் கொஞ்சம் தெரியுது."

நான் அப்போது புருஷன் வீட்டிலிருந்து வந்து அப்பா வீட்டில் இருந்தேன். விருந்துக்கு வரவில்லை. என் புருஷன் துறைமுகத்தில் சரக்குத் தூக்குகிற வின்சு ஓட்டுகிறவன். கள்ளச்சாராயம் உள்ளே போய்விட்டால் அவன் கைக்கு வின்சும் ஒன்றுதான், பெண்டாட்டி கையும் ஒன்றுதான். என் வலது மணிக்கட்டை முறுக்கி உடைத்துவிட்டான். கட்டுப் போட்டு எலும்பு கூடியது, கோணலாகக் கூடியது. மழை வந்தால் இன்றைக்கும் அதுதான் எனக்கு முதலில் சொல்லும்.

அந்தக் கைக்குத் தேய்க்கத்தான் அக்கா முதன்முதலில் எங்கள் அறைக்கு ஒரு சின்னக் குப்பி நீலகிரித் தைலம் கொண்டுவந்தார். சோதித்தது போக மிஞ்சியதாம். அம்மா குப்பியை வாங்கி முகர்ந்து பார்த்து, கண்ணில் ஒற்றிக்கொண்டு, "ஆண்டவரு நமக்கோசரம் இன்னா இன்னா படைச்சிகீறாரு பாரு" என்றாள்.

"யாருக்கு?" என்றார் அக்கா.

இதுதான் அவர் விடாத விஷயம். அதட்டலாகக் கேட்கமாட்டார். கிண்டலும் இருக்காது. கவுண்டருக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிற குமாஸ்தா, வரிசையில் நிற்கிறவரிடம் கேட்கிற மாதிரி, களைத்துப்போன குரலில், "யாருக்கு?"

"நமக்குத்தான். வேற யாருக்கு?"

அக்கா அடுப்பங்கரையில் கிடந்த கறிவேப்பிலையில் ஒன்றைப் பிய்த்து ஜன்னல் வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தார். இலைக்குள் ஊசி குத்தின மாதிரிப் புள்ளி புள்ளியாக வெளிச்சம் தெரிந்தது. அதுவரை எத்தனை கூடை கறிவேப்பிலை உருவியிருப்பேன், ஒருநாளும் நான் அதைப் பார்த்ததில்லை.

"ஒவ்வொரு புள்ளியும் ஒரு பை. உள்ள எண்ணெய் இருக்கு. புழு வந்து கடிச்சா பை உடையும், வாயெல்லாம் காந்தும், புழு போயிரும். நீலகிரி இலையிலயும் இதே மாதிரிதான். நம்ம ரசத்துக்குன்னு அது செய்யல."

அம்மாவுக்கு இது பிடிக்கவில்லை. பேச்சை மாற்ற, "இந்த எண்ணெயில அப்பளம் பொரிக்கலாமா டீச்சரம்மா?" என்று கேட்டாள். அக்கா சிரிக்கவில்லை. பழைய பேப்பர் ஒன்றை எடுத்து ஒரு ஓரத்தில் நல்லெண்ணெய் ஒரு சொட்டு, இன்னொரு ஓரத்தில் தைலம் ஒரு சொட்டு விட்டுவிட்டுப் படியேறிப் போய்விட்டார். அடுப்பை மூட்டி உலை வைத்துவிட்டு வந்து பார்த்தால், நல்லெண்ணெய் கறை போட்டு உட்கார்ந்திருந்தது. தைலம் இருந்த இடத்தில் ஒன்றுமில்லை. அறை முழுக்க அதன் வாசனை. பேருக்குத்தான் அது எண்ணெய், காற்றில் எழுந்து போய்விடுகிற ஜாதி என்று எனக்கு அன்றைக்குப் புரிந்தது. அம்மா மட்டும் காகிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "கண்கட்டு வித்தை" என்றாள்.

பூக்காரியிடமும் அக்கா இப்படித்தான் வாங்கிக் கட்டிக்கொண்டார். காசிமேட்டிலிருந்து சாயங்காலம் வருகிற பூக்காரி, வாய்க்குப் பூட்டு இல்லாதவள். "தலையில வெச்சுக்கோ டீச்சரம்மா, பொம்பளைக்குன்னே பூத்தது" என்று மல்லிகையை நீட்டினாள்.

"யாருக்கு?"

"இன்னாது?"

"மல்லி எதுக்கு இருட்டுன பெறகு இம்புட்டு மணக்கு? ராத்திரி பறக்க பூச்சிக்கு வழி தெரியணும்லா, அதுக்கு. பூச்சி வந்தாத்தான் அதுக்குக் காய் பிடிக்கும்."

"அப்போ நான் பூச்சிக்கா கூடையத் தூக்கினு தெருத் தெருவா பேஜாராயினு கீறேன்?" என்று பூக்காரி இடுப்பில் கை வைத்தாள். காம்பவுண்டே சிரித்தது. அக்காவுக்குப் பாவமாகிவிட்டது போலும், ஒரு முழம் வாங்கினார். தலையில் வைக்கவில்லை. படிக்குக் கீழே உடைந்த சட்டியில் நின்ற கற்பூரவல்லியின் மேல் போட்டுவிட்டுப் போனார். கசாப்புக்காரன் ஆடு ஒன்று அங்கே தினம் வரும். சுவரொட்டியைத் தின்னும், கோணியைத் தின்னும், ஒருதரம் என் அப்பாவின் துண்டைத் தின்றது. அன்றைக்கு மல்லிகையைத் தின்றது. கற்பூரவல்லியை மட்டும் மூக்கை வைத்துப் பார்த்துவிட்டுத் தும்மிக்கொண்டு போனது. இலைமேல் மயிர் மாதிரி இருக்கிறதே, அதன் நுனியிலும் எண்ணெய்தான் என்று அக்கா சொன்னார். ஆட்டுக்கு இருக்கிற புத்தி எனக்கு இல்லாமல் போனதே என்று நான் நினைத்துக்கொண்டேன். என் மூக்கும்தான் கல்யாணத்துக்கு முன்பே அவனிடம் சாராய வாடையைக் கண்டது. யாரும் அதைக் கேட்கவில்லை.

எலுமிச்சம்புல் தைலம் இறங்குகிற நாட்களில்தான் அக்கா ரொம்பத் துவண்டு வருவார். தலைவலி. ஒருநாள் அம்மா கொடுத்த சுக்குக் காப்பியைக் குடித்துக்கொண்டே சொன்னார்: "நல்ல மழை பேஞ்சு கொழுத்து நிக்க புல்லுல எண்ணெய் கொறச்சல். மேட்டுல, வெயில்ல காஞ்சு நிக்க புல்லுலதான் கூட. இந்தத் தடவை வந்தது காஞ்ச புல்லு எண்ணெய். கம்பெனிக்கு ஒரே சந்தோஷம்."

அம்மா உடனே என்னைப் பார்த்தாள். "கேட்டுக்கினியா? கஷ்டப்பட்டாத்தான் கொணம் வரும். புல்லுக்கே அப்பிடி, பொண்ணுக்கு?"

"யாருக்கு?" என்றார் அக்கா, டம்ளரைக் கீழே வைக்காமலே. "கொணம் கம்பெனிக்குத்தாம்மா. புல்லுக்கு அது தவிப்பு."

அம்மா டம்ளரை வாங்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். அன்றைக்கு எனக்கு அழுகை வந்தது. ஏன் என்று அப்போது சொல்லத் தெரியவில்லை. என் பக்கம் ஒரு ஆள் பேசி நான் கேட்டது அதுதான் முதல்தடவை. அதுவும் புல்லைப் பற்றித்தான் பேசினார்.

எங்கள் தெருவில் ஒரு வழக்கம் உண்டு. புருஷன் பெண்டாட்டிச் சண்டையோ, பங்காளிச் சண்டையோ, பெரியவர்கள் உட்கார்ந்து பேசி முடித்தால் ஒரு தட்டில் வெற்றிலை, கல்கண்டு, சந்தனக் கிண்ணம் வைப்பார்கள். இரண்டு பேரும் சந்தனம் தொட வேண்டும். தொட்டாகிவிட்டால் சண்டை முடிந்தது. அதற்குப்பிறகு நடந்ததைப் பற்றி யாரும் வாய் திறக்கக் கூடாது. "சந்தனம் தொட்டாச்சு" என்றால் அதற்குமேல் மாதா கோயில் சாமியாரிடம்கூட முறையிட முடியாது. நான் ஏற்கெனவே ஒருதரம் தொட்டவள். முகத்தில் வாங்கிய அடிகளுக்காகத் தொட்டேன். தொட்டுவிட்டுப் போன பிறகுதான் மணிக்கட்டு உடைந்தது. இப்போது மறுபடி தொட்டால் உடைந்த மணிக்கட்டும் நடக்காத காரியம் ஆகிவிடும். நான் அவனோடு போக வேண்டும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து எங்களைச் சேர்த்துவைக்க எல்லோரும் வந்தார்கள். முற்றத்தில் குறுக்கே பெரிய கோரைப்பாயை விரித்தார்கள். நடுவில் மேஸ்திரி. துறைமுகத்தில் ஆட்களை மேய்த்து ஓய்ந்தவர், கோயில் காரியங்களில் முன்னால் நிற்பவர், எங்கள் எல்லோருக்கும் வீட்டுக்காரர். ஒரு பக்கம் என் புருஷன், குளித்து, தலைவாரி, அப்பாவி மாதிரி. பக்கத்தில் அவன் கூடப்பிறந்தவள், என் நாத்தனார், சந்தனக் கிண்ணத்தோடு. இன்னொரு பக்கம் என் அம்மா, பாதி அழுதபடி. அப்பா சுவரோரம் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார். மூட்டை தூக்கிக் கூன் விழுந்த மனுஷன், அவருக்கு வாய் இருப்பதே சாப்பிடத்தான் என்று அம்மா சொல்வாள்.

அன்றைக்கு என்று பார்த்து அந்த நேரத்தில்தான் குழாயில் தண்ணீர் வந்தது. அக்கா வாளியோடு வந்து பிடித்தார். நிரம்பியது. திரும்பிப் பார்த்தால் மாடிப்படிக்குப் போகிற வழி முழுக்கப் பாயும் ஆட்களும்.

"அண்ணாச்சி, கொஞ்சம் வழி" என்றார்.

"இரு டீச்சரம்மா, நல்ல காரியம் நடந்துகினு கீது. செத்த நில்லு" என்றார் மேஸ்திரி.

அக்கா வாளியைக் கையில் பிடித்தபடி நின்றார். மேஸ்திரி என் பக்கம் திரும்பினார். "தோ பாரும்மா. ஆம்பள கை அப்பிடி இப்பிடித்தான் இருக்கும். பொண்ணுன்னா சந்தனக் கட்டை மாதிரி. அரைக்க அரைக்கத்தான் மணக்கும். நீ போயி அவன் வூட்டை மணக்க வையி. கையை நீட்டும்மா."

நாத்தனார் கிண்ணத்தை நீட்டினாள். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். என் கோணல் கை தானாக எழுந்தது. வேறு என்ன செய்வது என்று அதற்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை.

"யாருக்கு?"

மேஸ்திரிக்கு முதலில் புரியவில்லை. "இன்னா யாருக்கு?"

"அரைக்க அரைக்க மணக்கும்னு சொல்லுதியளே. யாருக்கு?"

அக்கா வாளியைக் கீழே வைத்தார். தண்ணீர் தளும்பிப் பாய் விளிம்பு நனைந்தது. அவருக்குச் சண்டை போடுகிற முகம் இல்லை. ஞாயிற்றுக்கிழமை ஒருநாளாவது காலை நீட்டிப் படுக்கலாம் என்று வந்தவர் முகம் அது.

"கட்டை முழுக்க மணக்காது அண்ணாச்சி. மேல இருக்கது வெறும் வெள்ளைக் கட்டை. உள்ள, நடுவுல, வருஷக்கணக்கா எண்ணெயைச் சேத்து வெச்சிருக்கும். கிடங்குல பெட்டி பெட்டியா கரையான் அரிச்சுப்போட்டிருக்கு, சந்தனத்தோட நடுக்கட்டைய ஒருநாளும் தொட்டதில்ல. ஒங்க வீட்டு வாசல் நிலையக்கூட கரையான் தின்னுச்சுன்னு தார் பூசிருக்கியளே. அந்த மரம் தனக்குத்தானே பூசிக்கிட்டது அது. தன்னைக் காப்பாத்திக்கிட. நாம அதை வெட்டிக் கல்லுல அரைச்சுப்போட்டு, ஆகா நல்ல மரம்னு சொல்லுதோம். அரைச்சுக்கிட்டே இருந்தா கடைசில என்ன மிஞ்சும்? கல்லுதான் மிஞ்சும்."

என் புருஷன்தான் எழுந்தான். "இன்னாய்யா இது, மரத்தப் பத்திப் பாடம் நடத்தினு கீது. பொண்டாட்டியக் கூட்டினு போவ வந்தா..."

"பாடமெல்லாம் எடுக்க எனக்குச் சீவன் இல்ல" என்றார் அக்கா. "வழி விடுங்க. கை வலிக்கி."

கை வலிக்கிறது என்று அவர் சொன்னது வாளி தூக்கின கையை. எனக்கு என் கை வலித்தது. அதை நான் சேலைக்குள் இழுத்துக்கொண்டேன். நாத்தனார் கிண்ணத்தை இன்னும் கிட்டே கொண்டுவந்தாள். நான் தலையை ஆட்டினேன். அம்மா ஓவென்று அழுதாள்.

அப்போது அப்பா எழுந்தார். "டீச்சரம்மா எவ்ளோ நேரம் வாளியோட நிப்பாங்க? எந்திரிங்க எல்லாரும், வழி வுடுங்க" என்றார். சொல்லிவிட்டுப் பாயின் ஒரு மூலையைப் பிடித்துச் சுருட்ட ஆரம்பித்தார். பாய் சுருண்டு வரவும் அதன்மேல் உட்கார்ந்திருந்தவர்கள் எழுந்துதான் ஆகவேண்டியிருந்தது. மேஸ்திரியும் எழுந்தார். நின்றுகொண்டு பஞ்சாயத்து செய்கிற பழக்கம் எங்கள் பக்கம் கிடையாது. அக்கா வாளியைத் தூக்கிக்கொண்டு நடுவே நடந்து படியேறினார். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

அவன் பிறகும் சில தடவை வந்தான். அப்பா வாசலில் பாயைப் போட்டுப் படுத்துக்கொள்வார், பேசமாட்டார். அவனும் ஓய்ந்துபோனான். எங்கள் வேதத்தில் கல்யாணம் முறியாது, என்னுடையதும் முறியவில்லை. நான் போகவில்லை, அவ்வளவுதான். கன்னியாஸ்திரீகளின் தையல் கூடத்தில் கோணல் கையோடு தையல் கற்றுக்கொண்டு அதிலேயே காலத்தை ஓட்டினேன். அம்மா சாகிறவரை என்னோடு முழு மனசாகப் பேசவில்லை. சுலபமாக இருந்தது என்று பொய் சொல்லமாட்டேன். ஆனால் இடது மணிக்கட்டு இன்றைக்கும் நேராக இருக்கிறது.

மேஸ்திரி எங்களை ஒன்றும் செய்யவில்லை, அப்பா அவருக்குத் தூரத்துச் சொந்தம். அக்காவைத்தான் காலி செய்யச் சொன்னார். குடும்பப் பெண்கள் இருக்கிற இடமாம். அக்கா அதற்கும் மறுத்துப் பேசவில்லை. திருவொற்றியூரில் ஓர் அறை கிடைத்தது. கிடங்கிலிருந்து அது இன்னும் தூரம், காலுக்கு இன்னும் நடை. எனக்காக ஒரு வார்த்தை சொன்னதற்கு அவருக்குக் கிடைத்தது அந்த நடைதான்.

போகிற அன்றைக்கு மூட்டை கட்ட நான் மேலே போனேன். சந்தன நாள் அது, அறை முழுக்க மணத்தது. படுக்கையைச் சுருட்டும்போது எனக்கு மனசு பொறுக்கவில்லை. "அக்கா, நீங்க மட்டும் அந்த மரத்து விஷயத்த சொல்லலேன்னா நான் அன்னிக்கே தொட்டிருப்பேன்" என்றேன்.

அக்கா கயிற்றை முடிச்சுப் போட்டுக்கொண்டே, "அது அம்புட்டு நிச்சயமெல்லாம் இல்லட்டி" என்றார்.

"எது?"

"மரம் எதுக்கு எண்ணெய் வெச்சிருக்குங்கது. கரையான் திங்கலேங்கது நெசம், கண்ணால பாத்தது. ஆனா அதுக்குன்னேதான் வெச்சிருக்குன்னு யாருக்குத் தெரியும்? அது மரத்தோட கழிவு, வேண்டாததைக் கொண்டுபோயி நடுவுல ஒதுக்கியிருக்கு, அம்புட்டுத்தான்னும் சில பேரு எழுதிருக்காவ. இன்னும் யாருக்கும் சரியாத் தெரியாது."

அந்த ஒரு பேச்சை நம்பித்தானே கையை இழுத்துக்கொண்டேன்! "தெரியாமலா அக்கா அவ்ளோ பேரு நடுவுல அப்பிடி சொன்னீங்க?"

"காலு வலிச்சுதுட்டி. சீக்கிரம் முடியட்டும்னு சொன்னேன்."

"அப்போ, மரம் அதுக்கோசரம் வெக்கலேன்னா? நான் செஞ்சது தப்பாயிடாதா?"

அக்கா கயிற்றை விட்டுவிட்டு என்னைப் பார்த்தார். அவர் சிரித்து நான் பார்த்தது அந்த ஒருதடவைதான். சிரிப்பிலும் களைப்பு இருந்தது.

"ஒனக்குக் கை வலிச்சுதா இல்லியா?"

"வலிச்சிச்சு."

"பெறகு மரத்த எதுக்குட்டி கேக்க?" என்றார். "பெட்டியை அந்தப் பக்கம் பிடி. எடது கையால பிடி."